எழுந்து நிற்கிறோம், பாட மாட்டோம்: மனசாட்சிக்குச் சட்டம் விட்டுவைக்கும் இடம்

2025 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தது. மனுதாரர் ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்த ஒரு கிறிஸ்தவர். தன் படைப்பிரிவின் கோவிலில் கருவறைக்குள் நுழைய மறுத்ததற்காக 2021 மார்ச்சில் ஓய்வூதியம், பணிக்கொடை எதுவும் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். நீக்கியது சரிதான் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

இதே உச்ச நீதிமன்றம்தான் 1986 ஆகஸ்ட் 11 அன்று, தேசிய கீதம் பாட மறுத்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியில் மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அவர்கள் சொன்ன காரணமும் கிறிஸ்தவ விசுவாசம்தான். அங்கே பிள்ளைகள் ஜெயித்தார்கள், இங்கே அதிகாரி தோற்றார். நீதிமன்றம் மனம் மாறிவிட்டதா, அல்லது இரண்டும் வேறு வேறு கேள்விகளா? பாதி அது, பாதி இது என்பதுதான் பதில்.

நான்கு சட்டப் பிரிவுகள்

அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மத உரிமையைப் பேசுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் முதல் சொல் மதம் அல்ல, மனசாட்சி. மனசாட்சிச் சுதந்திரம், அதன்பிறகு மதத்தை அறிக்கையிட, கடைப்பிடிக்க, பரப்ப உரிமை. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு இது கட்டுப்பட்டது.

19(1)(அ) பேச்சுரிமை. அதைக் கட்டுப்படுத்த 19(2) எட்டுக் காரணங்களை மட்டும் அனுமதிக்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். அந்தப் பட்டியலில் தேசபக்தி இல்லை. இன்னொன்று: கட்டுப்பாடு 'சட்டம்' மூலமாகத்தான் வர வேண்டும். இந்த ஒரு சொல்தான் 1986 வழக்கின் அச்சாணி.

51அ என்பது அடிப்படைக் கடமைகள். 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் வந்தவை. சாசனத்தையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது முதல் கடமை. மதிக்கவில்லை என்றால் தண்டனை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தண்டனை வேண்டுமானால் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும்.

33ஆவது பிரிவைப் பற்றி வெளியே அதிகம் பேச்சில்லை. ராணுவம், காவல்துறை போன்ற படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளை, கட்டுப்பாடு காக்கும் பொருட்டு, நாடாளுமன்றம் சட்டத்தால் சுருக்கலாம் என்கிறது அது.

கிடங்கூரில் நடந்தது

கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் அண்ணன், ஒன்பதாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் தங்கைகள். குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தது. காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் 'ஜன கண மன' பாடும்போது இவர்கள் எழுந்து அமைதியாக நிற்பார்கள். வாய் மட்டும் திறக்காது. யெகோவாவைத் தவிர வேறு எதற்கும் வழிபாட்டு வடிவில் பாடுவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. பாட்டின் மொழியோ ராகமோ அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அவர்களுக்கு முன் அதே பள்ளியில் படித்த அக்காமார்களும் அப்படித்தான் நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கவனித்தார். தேசபக்தி இல்லாத செயல் என்று பேரவையில் கேள்வி எழுப்பினார். அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. பிள்ளைகள் சட்டத்தை மதித்து நடப்பவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே குழு அறிக்கை தந்தது. வழக்கமாக இத்தகைய அறிக்கையோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பள்ளித் துணை ஆய்வாளர் உத்தரவிட, தலைமை ஆசிரியை ஜூலை 26 அன்று மூவரையும் வெளியேற்றினார். அரசின் முடிவு வரும்வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தகப்பனார் கேட்டார். என் கையில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார் தலைமை ஆசிரியை.

கேரள உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடமும் தோல்வி, அமர்விலும் தோல்வி. கீதத்தின் வரிகளில் எந்த மதத்தையும் புண்படுத்தும் சொல் இல்லையே, பாடினால் என்ன என்பதே உயர் நீதிமன்றத்தின் பார்வை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு இதைத் தலைகீழாக்கியது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

அவர்கள் வாதத்தைக் கட்டிய வரிசை இது:

1. தேசிய கீதத்தை எல்லோரும் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் வேண்டுமென்றே பாடுவதைத் தடுப்பவரையும், பாடும் கூட்டத்தில் குழப்பம் செய்பவரையும்தான் தண்டிக்கிறது. அமைதியாக நிற்பவர் இரண்டும் செய்யவில்லை.

2. எழுந்து நிற்பதே மரியாதை. எனவே 51அ சொல்லும் கடமையும் நிறைவேறிவிட்டது.

3. பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம். அதைப் பறிக்கக் கேரள அரசு காட்டியது கல்வித்துறையின் இரண்டு சுற்றறிக்கைகளை. சுற்றறிக்கை துறைக்குள் நடைமுறை. அதற்குச் சட்டத்தின் பலம் கிடையாது. 19(2) கேட்பது சட்டம்.

4. நம்பிக்கை நமக்கு விசித்திரமாகப் படுகிறதா, நியாயமாகப் படுகிறதா என்பது கேள்வி அல்ல. உண்மையாகவே, மனசாட்சிப்படி அதை நம்புகிறார்களா என்பதே கேள்வி. நம்புகிறார்கள் என்றால் 25ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு.

நான்காவதை அழுத்திச் சொல்ல வேண்டும். யெகோவாவின் சாட்சிகளைப் பெரும்பான்மைத் திருச்சபைகள் கிறிஸ்தவர்கள் என்றே ஏற்பதில்லை. திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை, மறுப்பவர்கள் என்று ஒதுக்கிவிடும். தென்னிந்தியத் திருச்சபையிலும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தினமும் கீதம் பாடுகிறார்கள். ஒரு பேராயரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, கிறிஸ்தவத்தில் இப்படித் தடை உண்டா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார், பிள்ளைகள் தோற்றிருப்பார்கள். நீதிமன்றம் அப்படிக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் மூன்றே ஆண்டுகளில் திரும்பிய சக்கரம்

1986 தீர்ப்பு தூக்கிப் பிடித்த முன்னுதாரணங்களில் முக்கியமானது அமெரிக்க வழக்கு. அங்கேயும் அதே சாட்சிகள் பிரிவு. கீதத்துக்குப் பதில் கொடி வணக்கம். 1940இல் மைனர்ஸ்வில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றியது சரி என்றது. போர்க்காலம். தீர்ப்புக்குப் பிறகு பல ஊர்களில் சாட்சிகள் தாக்கப்பட்டார்கள். 1943 ஜூன் 14 அன்று, அதுவும் அமெரிக்கக் கொடி நாளன்றே, பார்னெட் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே கவிழ்த்தது.

இந்தியாவுக்கு இதில் பாடம் எங்கே இருக்கிறது என்றால், 1943 தீர்ப்பு மத உரிமையின் மேல் நிற்கவில்லை. பேச்சுரிமையின் மேல் நின்றது. எந்தக் கருத்தை வாயால் சொல்ல வேண்டும் என்று அரசு அதிகாரி விதிக்க முடியாது என்றது. ஆகவே மதமே இல்லாதவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. சின்னப்ப ரெட்டி அமர்வு 19, 25 இரண்டையும் சேர்த்துப் பிடித்தது இதனால்தான் பலமானது. 2013இல் 'மேற்கண்ட எவருமில்லை' பொத்தானை வாக்குப்பதிவு இயந்திரத்தில் வைக்கச் சொன்னபோதும் உச்ச நீதிமன்றம் வாக்காளரின் மறுப்பைப் பேச்சுரிமையின் கணக்கில்தான் வைத்தது.

'உளமார' என்ற சொல் வந்த வழி

குடிமைக் கடமையும் கிறிஸ்தவ மனசாட்சியும் மோதும்போது சட்டம் ஒரு கதவைத் திறந்துவிட்டால் அதன் வழியே வேறு யாரெல்லாம் வருவார்கள் என்பதற்குத் தமிழ் வாசகர்கள் நேரில் பார்த்த உதாரணம் உண்டு. 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் பதவியேற்றபோது 'உளமார உறுதி' கூறினார். கடவுளின் பெயரால் ஆணையிடவில்லை. சாசனத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டையும் அனுமதிக்கிறது.

அந்த இரண்டாவது வழியை முதலில் கேட்டு வாங்கியவர்கள் நாத்திகர்கள் அல்லர். இங்கிலாந்தின் குவேக்கர்கள். 'பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்' என்ற மலைப்பிரசங்க வசனத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்த கிறிஸ்தவர்கள். சிறை, சொத்து இழப்பு எல்லாம் பட்டபிறகு 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுக்காக உறுதிமொழி முறை சட்டமானது. 1888இல் அது நாத்திகருக்கும் விரிந்தது. பக்தியின் மிகுதியால் உண்டான விலக்கில்தான் பகுத்தறிவு மரபு இன்று பதவியேற்கிறது.

கருவறை வாசலில்

இப்போது லெப்டினன்ட் வழக்கு. 2017இல் மூன்றாம் குதிரைப்படை ரெஜிமென்டில் சேர்ந்தவர். பெயர்தான் குதிரைப்படை, இன்று டாங்கிப் படை. சீக்கிய வீரர்கள் கொண்ட பிரிவுக்குத் தலைவர். ரெஜிமென்டில் ஒரு கோவிலும் ஒரு குருத்வாராவும் இருந்தன. வாராந்திர மத அணிவகுப்பில் அதிகாரி தன் வீரர்களோடு போக வேண்டும்.

அவர் போனார் என்பதைச் செய்தித் தலைப்புகள் பல விட்டுவிட்டன. காலணியும் பெல்ட்டும் கழற்றி, தேவைப்பட்டபோது தலைப்பாகையோடு, கோவில் முற்றத்தில் வீரர்களோடு நின்றேன்; பூஜை, ஆரத்தி நடக்கும்போது கருவறைக்குள் நுழைவதிலிருந்து மட்டும் விலக்கு கேட்டேன் என்பது அவர் வாதம். கிடங்கூர் பிள்ளைகள் 'நிற்கிறோம், பாட மாட்டோம்' என்றதும் இதுவும் ஒரே அச்சு.

ராணுவத்தின் பதில்: அதிகாரி உள்ளே வராமல் வாசலில் நின்றால் வீரர்களின் ஒற்றுமையும் போர்க்குணமும் கெடும். மேலதிகாரிகள் பலமுறை எடுத்துச் சொன்னார்கள், ஒரு போதகரும்கூட, கடமைக்காக உள்ளே போவதால் விசுவாசத்துக்குக் குறை வராது என்றார், இவர் கேட்கவில்லை. எனவே இது மதம் சம்பந்தப்பட்டதே அல்ல, மேலதிகாரியின் சட்டபூர்வ கட்டளையை மீறியது மட்டுமே. உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. ராணுவ நீதிமன்ற விசாரணை இல்லாமலே நீக்கியதையும், விஷயம் மதம் சார்ந்து உணர்வுகளைத் தொடுவது என்ற காரணத்தால், ஏற்றுக்கொண்டது. மத விஷயமே இல்லை என்றும், விசாரணை வைக்க முடியாத அளவுக்கு மத உணர்வு சார்ந்தது என்றும் ஒரே தீர்ப்பு சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்று வாசகர் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

1986 எங்கே பொருந்தாமல் போனது என்று பார்ப்போம்.

1. சட்டம் இருக்கிறதா? பள்ளிக்குச் சுற்றறிக்கைதான் இருந்தது. ராணுவத்துக்கு 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இருக்கிறது. 41ஆவது பிரிவு மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமையைக் குற்றமாக்குகிறது. அந்தச் சட்டம் முழுவதையும் 33ஆவது பிரிவின் கீழ் இயற்றப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 1960களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தப் புள்ளியில் அதிகாரியின் கட்சி பலவீனம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

2. யார்? பள்ளிக்குப் போவது பிள்ளைகளின் தேவை. ராணுவத்துக்கு அவர் விரும்பி வந்தார். அதுவும் பிறரை வழிநடத்தும் அதிகாரியாக.

3. எதைச் செய்யச் சொன்னார்கள்? இங்கேதான் தராசு மறுபக்கம் சாய்கிறது. தேசிய கீதம் மதச் சடங்கு அல்ல. கருவறைக்குள் ஆரத்தியின்போது நிற்பது மதச் சடங்கு. கீதத்துக்கே விலக்கு உண்டு என்றால் சடங்குக்கு அதைவிட வலுவாக விலக்கு இருக்க வேண்டாமா? கட்டளை 'சட்டபூர்வமானது' என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வி எழாது. எழுப்பியிருக்க வேண்டும்.

யார் வேதத்தை வாசிப்பது?

உச்ச நீதிமன்ற விசாரணையில், பிற மதத்தின் வழிபாட்டிடத்துக்குள் நுழையக் கூடாது என்று கிறிஸ்தவத்தில் எங்கே இருக்கிறது என்று அமர்வு கேட்டது. பத்துக் கட்டளைகளில் முதலாவதைக் காட்டினார் வழக்கறிஞர்: 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்.' மதத்தின் அத்தியாவசியக் கூறுகளுக்கே 25ஆவது பிரிவு பாதுகாப்புத் தரும், ஒவ்வோர் உணர்வுக்கும் அல்ல என்ற தொனியில் பதில் வந்தது. போதகரின் கருத்தும் எடைக்கு வந்தது.

1986இல் நீதிமன்றம் கேட்க மறுத்த கேள்வியை 2025இல் கேட்டுவிட்டது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே உண்மையான விரிசல் இதுதான். பள்ளியா ராணுவமா என்பதெல்லாம் அடுத்தது.

இந்தக் கேள்வியை ஏன் கேட்கக் கூடாது? வேதாகமத்தைத் திறந்தாலே தெரியும். தானியேல் புத்தகத்தில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். ராஜா நிறுத்திய சிலையைப் பணிய மறுத்து அக்கினிச் சூளைக்குப் போனார்கள். இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் நாகமான் சீரியாவின் படைத்தலைவன், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவன். என் ராஜா என் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலுக்குள் பணியப் போவார், நானும் அவரோடு குனிய வேண்டிவரும், கர்த்தர் அதை மன்னிப்பாராக என்று எலிசாவிடம் கேட்கிறான். 'சமாதானத்தோடே போ' என்கிறார் தீர்க்கதரிசி. படை அதிகாரி, உத்தியோகக் கடமை, அந்நிய தெய்வத்தின் கோவில்: லெப்டினன்ட் வழக்கின் அத்தனை உறுப்புகளும் அங்கே இருக்கின்றன, விடை நேர்மாறாக.

ஒரே வேதத்தில் இரண்டு வழியும் இருக்கும்போது எது 'அத்தியாவசியம்' என்று நீதிபதி தீர்ப்பெழுதினால், அவர் ஒரு விசுவாசிக்கு எதிராக இன்னொரு விசுவாசியின் பக்கம் நிற்கிறார். 'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்' என்று பவுல் எழுதியதும், 'மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்' என்று பேதுரு சொன்னதும் ஒரே புதிய ஏற்பாடுதான். இரண்டையும் எங்கே நிறுத்துவது என்பது சபைக்குள் இரண்டாயிரம் ஆண்டு விவாதம். ராணுவத்தின் தேவை பெரிது என்று மட்டும் சொல்லி இந்த மனுவைத் தள்ளியிருக்கலாம். அது நேர்மையான காரணமாக இருந்திருக்கும்.

மறுப்பதற்கு அப்பால்: பேசுவது

பாடாமல் இருப்பது ஒன்று, தெருவில் நின்று பிரசங்கிப்பது வேறு. 25ஆவது பிரிவில் 'பரப்ப' என்ற சொல் வேண்டுமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வாதம் நடந்தபோது, அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவ நிறுவனங்களில் சுமார் பதினான்கு ஆண்டுகள் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார். சொல் நிலைத்தது. ஆனால் 1977இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் மதக் கருத்தை விளக்குவது, இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று கோடு போட்டது. பல மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்கள் நிற்பது அந்தக் கோட்டின் மேல்தான்.

இன்னொரு மதத்தை விமர்சிக்கலாமா? விமர்சனம் குற்றமல்ல. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவதே குற்றம்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 299. நடைமுறையில் 'வேண்டுமென்றே' என்ற சொல் முதல் தகவல் அறிக்கையில் காணாமல் போய், சில ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில்தான் திரும்பக் கிடைக்கும்.

சினிமா கொட்டகையும் தமிழ்த்தாய் வாழ்த்தும்

1986 தீர்ப்பை மறந்தால் என்னவாகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாத் திரையரங்குகளிலும் படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. 52 விநாடிப் பாட்டுக்காகக் கொட்டகையில் கைகலப்பு வரை போனது. 2018 ஜனவரி 9 அன்று, ஒலிபரப்புவது திரையரங்கின் விருப்பம் என்று அதே நீதிமன்றம் தளர்த்தியது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது எழுந்து நிற்கச் சொல்லும் சட்டமோ அரசு உத்தரவோ இல்லை என்று சுட்டிக்காட்டியது. அதே மாதம் 17ஆம் தேதி அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக எல்லோரும் நிற்க வேண்டும் என்றது. அந்த அறிவிப்பு வந்தது அரசாணையாக. சட்டமன்றம் இயற்றிய சட்டமாக அல்ல. நிற்காத ஒருவர்மேல் நாளை நடவடிக்கை எடுத்தால், கிடங்கூர் வழக்கின் மூன்றாவது கேள்வி அப்படியே எழும்: இது சட்டமா, சுற்றறிக்கையா?

பள்ளியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ ஓர் உத்தரவு வந்து மனசாட்சி இடித்தால், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேட்கலாம். மறுப்பை ஆரம்பத்திலேயே எழுத்தில் தருவதும் நல்லது. நம்பிக்கை நேற்று முளைத்ததல்ல என்று காட்ட அது உதவும். கிடங்கூர் பிள்ளைகளுக்கு அந்தச் சாட்சியம் எழுத்தில் இல்லை. ஆண்டுக்கணக்கில் காலைக் கூட்டத்தில் அக்காமார்களும் தாங்களும் வாய் திறக்காமல் நின்றதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.